யாரும் மறுக்காத கோடு

தணிகாசலம் தன் குருவைவிட ஆறு வயது மூத்தவர். பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். தலை முழுக்க நரைத்த பெரிய பொறியாளர், பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு பெண்மணியின் எதிரே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "அம்மா, ஒரு சந்தேகம்" என்பார்.

குமுதவல்லி அம்மா தையலை நிறுத்த மாட்டார். யார் எதைக் கேட்டாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கேள்வி மனதைத் தொட்டால் மட்டும் மிதி கட்டையில் கால் நின்றுவிடும். அந்தக் கால் எப்போது நிற்கும் என்று பார்க்கவே சிலர் மாலையில் அங்கே வந்தார்கள்.

அன்று தணிகாசலம் காலையிலேயே வந்துவிட்டார். கையில் நீளமான காகிதச் சுருள்.

"ஆபீஸ் இல்லையா இன்னைக்கு?"

"இருக்கும்மா. சாயங்காலம் இதுல கையெழுத்துப் போடணும். போட்டுட்டா அப்புறம் யாராலயும் மாத்த முடியாது. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு தடவை காட்டிடலாம்னு..."

"எனக்கு என்ன தெரியும் இதுல?"

"ஆசீர்வாதம் பண்ணத் தெரியுமில்ல?"

அம்மா சிரித்தார். வெட்டிப்போட்ட நீலத் துணிகளை ஓரமாகத் தள்ளி, தரையில் இடம் செய்துகொடுத்தார்.

நகரத்துக்கு வரப்போகும் சுரங்க ரயிலின் வரைபடம் அது. வடக்கே பேருந்து நிலையத்தில் தொடங்கித் தெற்கே மில்கள் இருக்கும் பகுதி வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு. எந்தத் தெருவுக்கு அடியில் ரயில் போகும், எந்த இடத்தைத் தோண்டி நிலையம் கட்டுவார்கள் என்பதையெல்லாம் முடிவு செய்வது தணிகாசலத்தின் வேலை. இரண்டு வருடமாக வேறு எதையும் அவர் நினைக்கவில்லை.

"முதல்ல நல்ல சேதி சொல்லிடறேன்" என்றார். "உங்க வீடு போகாது."

"போறதா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. பின்னாடி லாரி நிறுத்துற மைதானம் சும்மா கிடக்கு இல்ல? முதல்ல ஸ்டேஷன் அங்கதான். பள்ளத்தோட ஒரு மூலை உங்க வீட்டு மேல வந்துச்சு. உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லலை. கோட்டைக் கொஞ்சம் தள்ளிட்டேன்."

அம்மா நன்றி சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. வரைபடத்தின் மேல் குனிந்தார்.

"அது சரி, சட்டைக் கழுத்துக்கு வெட்டின மாதிரி இது ஏன் இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது?"

"ஆபீஸ்லயும் இதையேதான் சொல்லிக் கிண்டல் பண்றாங்க. எல்லா மேசையிலயும் பென்சில் தேயும், தணிகாசலம் சார் மேசையில மட்டும் ரப்பர்தான் தேயும்னு." அவர் முகத்தில் வெட்கமும் பெருமையும் சேர்ந்து இருந்தன. "ஒவ்வொரு வளைவும் ஒருத்தரோட கண்ணீர்ம்மா. யாராவது வந்து என் முன்னாடி அழுதா எனக்குத் தாங்காது. கடைசிக் கூட்டத்துல ஒருத்தர்கூட எழுந்து மறுக்கலை. இந்த ஊர்ல இப்படி நடந்ததே இல்லைன்னு மேலதிகாரி எல்லார் முன்னாடியும் கை கொடுத்தார்."

குமுதவல்லி அம்மா பொத்தான் டப்பாவைத் திறந்தார். ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்து முதல் வளைவில் வைத்தார்.

"இங்க யார் வந்தா?"

"கல்யாண மண்டபத்துக்காரர். அவரோட சொந்தத் தம்பி கல்யாணத்துக்குக்கூட அந்த மண்டபத்துல இடம் கிடைக்கலை, அவ்வளவு முகூர்த்தம் புக் ஆயிருக்கு. மனுஷன் குழந்தை மாதிரி அழுதார்."

அடுத்த பொத்தான்.

"இது?"

"பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. விளையாட்டு மைதானத்தைத் தோண்டாதீங்கன்னாங்க. பிள்ளைங்களையே அழைச்சிட்டு வந்துட்டாங்க. எல்லாம் வரிசையா நின்னு வணக்கம் வச்சுதுங்க. அப்புறம் என்ன செய்ய?"

"இது?"

"கோயில்காரங்க. தேர் நிறுத்துற இடம்."

"இது?"

"ஒரு டாக்டர். அவங்கம்மா படுத்த படுக்கை. ராத்திரி பகலா மெஷின் அதிர்ந்தா தாங்க மாட்டாங்களாம். நானே போய் அந்தப் பாட்டியைப் பார்த்துட்டு வந்தேன்."

பொத்தான்கள் வரிசையாகக் கோட்டின் மேல் உட்கார்ந்தன. அம்மாவின் விரலில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

"இப்ப ஸ்டேஷன் எங்க வருது?"

"சந்தைக்குப் பின்னாடி. சாக்குக்காரர் சந்து."

"அங்கேருந்து யார் வந்தா?"

"அங்கேருந்து யாரும் வரலைம்மா. ஆபீஸ் வாசல்ல நோட்டீஸ் ஒட்டினோம். எங்க ஆபீஸ் பசங்க ரெண்டு தடவை போய்ப் பார்த்தாங்க, எல்லாக் கதவும் சாத்தியிருந்துச்சாம். கூட்டத்துக்கும் ஒருத்தரும் வரலை. மறுப்பு இல்லைன்னு எடுத்துக்கிட்டோம். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில வீடு கொடுத்துடுவாங்க."

அம்மா அந்தப் பொத்தானைச் சற்று நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவில் போட்டு மூடினார்.

"கூட்டம் எத்தனை மணிக்கு வச்சீங்க?"

"காலையில பதினொரு மணிக்கு. எல்லாருக்கும் தோதான நேரம்."

"அப்ப நாமளும் அந்த நேரத்துக்கே போயிட்டு வருவோம். செருப்பைப் போடுங்க."

நடந்து போகிற தூரம்தான். சந்தையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் திரும்பியதும், ஊரின் சத்தம் சட்டென்று அறுந்துபோனது போல இருந்தது. குறுகலான சந்து. இரண்டு பக்கமும் தகரமும் ஓடும் போட்ட வீடுகள். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஜன்னல்களில் வெளிச்சம் நுழையாதபடி சாக்கைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். உருளைக்கிழங்கு மண்ணின் வாசனை. ஒரு நாய் வழியின் குறுக்கே படுத்திருந்தது. இவர்களைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் திறந்து மூடிக்கொண்டது.

"பாருங்கம்மா" என்றார் தணிகாசலம் உரக்க. "பசங்க சொன்னது சரிதான். இப்பவும் யாருமில்லை."

அம்மா உதட்டில் விரலை வைத்தார். பிறகு அதே விரலால் தரையைக் காட்டினார்.

ஒவ்வொரு வாசலிலும் செருப்புகள். பெரியது, சிறியது, வார் அறுந்து கம்பியால் கட்டியது. எல்லாவற்றிலும் ஈரமண். தணிகாசலம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். இந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு குறட்டை. அந்தக் கதவுக்குப் பின்னால் இன்னொன்று. சந்து முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கதவு அரையாகத் திறந்தது. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே ஒரு பெண் எட்டிப்பார்த்தாள்.

"யாருங்க அது? கொஞ்சம் மெதுவாப் பேசக் கூடாதா? நடு ராத்திரியில வந்து நின்னுக்கிட்டு..."

தணிகாசலம் தன்னையறியாமல் மேலே பார்த்தார். வெயில் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"மணி பதினொண்ணும்மா" என்றார்.

"உங்களுக்குப் பதினொண்ணு."

அவள் பெயர் தவமணி. சந்தையில் கிழங்கு பிரிக்கிறவள். அவள் மட்டுமல்ல, சந்தில் எல்லோருக்கும் சந்தையில்தான் வேலை. ஊர் தூங்கும்போது லாரி வரும். ஆண்கள் மூட்டை இறக்குவார்கள், பெண்கள் தரம் பிரிப்பார்கள். பள்ளிக்கூட வேன் ஓட ஆரம்பிக்கும்போது இவர்கள் வீடு திரும்புவார்கள்.

"போன தடவையும் ரெண்டு பசங்க வந்து கதவைத் தட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள் அடங்கிய குரலில். "எங்க வீட்டுக்காரர் லாரிதான் வந்துடுச்சுன்னு அரைத் தூக்கத்துல எழுந்து சட்டையைத் தேடறார். என் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கிட்டார்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்க எந்த ஆபீசு?"

"சுரங்க ரயில்."

"அட, ஆமா! வருதுன்னு சந்தையில பேசிக்கிட்டாங்க. எங்க வருது?"

தணிகாசலத்தின் கண்கள் தகரக் கூரைமேல் போய், அங்கிருந்து செருப்புகளுக்கு இறங்கின. தவமணி அந்தப் பார்வை போன வழியெல்லாம் கூடவே போனாள்.

"இங்கயா?"

"ஊருக்கு வெளியே நல்ல வீடா தருவாங்கம்மா. அடுக்குமாடி. குழாயத் திறந்தா தண்ணி. மின்விசிறிகூட..."

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கேருந்து நடு ராத்திரியில நாங்க சந்தைக்கு எப்படி சார் வர்றது? அந்த நேரத்துக்கு பஸ் ஏது? உங்க ரயில் ஓடுமா?"

"ராத்திரியில... ஓடாதும்மா."

"அப்ப எங்களுக்கு வேலை போயிடும்." குறை சொல்வதுபோல் இல்லை. கூட்டிப் பார்த்து விடை சொல்வதுபோல் சொன்னாள்.

உள்ளே யாரோ புரண்டு படுத்தார்கள். ஒரு குழந்தை முனகியது. தவமணி திரும்பிப் பார்த்துக் கதவை ஒருக்களித்தாள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் எழுந்துக்குவாங்க. அப்ப வந்து சொல்லுங்க. இப்பச் சொல்லாதீங்க சார், புண்ணியமாப் போகும். கேட்டா தூக்கம் போயிடும். தூக்கமில்லாம மூட்டை தூக்கினா இடுப்பு போயிடும். எனக்குத்தான் தெரிஞ்சுடுச்சு, நான் இனிமே தூங்கப் போறதில்லை. அவங்களாவது தூங்கட்டும்."

சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இருவரும் அங்கேயே நின்றார்கள். தணிகாசலத்தின் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. சுருளைப் பிடித்திருந்த இடத்தில் காகிதம் ஈரமாகியிருந்தது.

"நான் வேணும்னு செய்யலைம்மா" என்றார் கிசுகிசுப்பாக. "சத்தியமா, யாருக்கும் வலிக்கக் கூடாதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் அழிச்சு அழிச்சுப் போட்டேன்."

"தெரியும். அழுதவங்ககிட்டேருந்து விலகி விலகி வந்துச்சு. இங்க வந்து நின்னுடுச்சு."

"இப்ப மறுபடியும் மாத்தினா ஸ்டேஷன் பழைய இடத்துக்கே போகும். வேற எங்கயும் இடமில்லை. உங்க வீடு நிக்காது."

"என் மெஷின் கனமில்லை. நீங்க ஒரு பக்கம் பிடிச்சாப் போதும்."

"விளையாடாதீங்கம்மா. அந்த வீடு இல்லைன்னா நாங்க எல்லாரும் எங்க வர்றது?"

"மெஷின் சத்தம் எங்க கேட்குதோ அங்க."

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கியிருந்தது. அவர் குரலில் கோபமும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. வந்து சொன்னவங்க குரல் என் காதுல விழுந்துச்சு. கோட்டை வளைச்சேன். தப்பா? வராதவங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க. எப்படித் தெரியும்?"

குமுதவல்லி அம்மா அவரைக் கனிவோடு பார்த்தார்.

"என் வீட்டைக் காப்பாத்தினீங்களே தணிகாசலம், நான் எந்தக் கூட்டத்துக்கு வந்தேன்?"

தணிகாசலம் எதிர்ச் சுவரோரம் கோடாகக் கிடந்த நிழலில், சுருளை மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து மணி ஆகட்டும் என்று, தூங்குகிற வீடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.