குடிநீர்ப் பட்டியலில் புகுந்த கேன்

முழுவதும் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

திருநெல்வேலியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம், தண்ணீர் கேன் விற்பவர் ஒருவருக்கு நிரல் எழுதிக் கொடுத்திருந்தது. அதில் ‘கேன்’ என்பது பொது வகை. அதிலிருந்து பிறந்தவை இரண்டு: குடிநீர்க் கேன், கழுவுநீர்க் கேன். இரண்டாவது கழிவறைக்குப் போவது. அதை யாரும் தேய்த்துக் கழுவுவதில்லை. உள்ளே பச்சையாக வழுக்கும்.

மூத்தவரான தயாநிதி, இருப்பை எண்ண ஒரு பகுதி எழுதினார். அது கேன் பட்டியல் கேட்டது. அவர் குடிநீர்க் கேன் பட்டியலைக் கொடுத்தபோது, ஒரு வகைக்குப் பதில் வேறு வகை வந்தால் நிரலைத் தடுக்கும் ‘வகை சரிபார்க்கும் கருவி’ மறுத்தது. ஒவ்வொரு கேனாக எடுத்துப் புதிய பட்டியலில் வைத்திருக்கலாம். அவரோ ஒரே வரியில் வகையைக் கட்டாயமாக மாற்றிக் கருவியின் வாயை அடைத்தார். பட்டியல் அதேதான், பெயர் மட்டும் ‘கேன் பட்டியல்’. ஓராண்டு எண்ணிக்கை சரியாக வந்தது.

பிறகு இளையவளான நஸீமா, திரும்பி வரும் எந்தக் கேனையும் கேன் பட்டியலில் சேர்க்கும் பகுதியை எழுதினாள். அதில் பிழை இல்லை.

மூன்றாவது ஆள் இசக்கியம்மாள். அவள் வீட்டில் முதல் பட்டதாரி. அடுத்த மாதம் அவள் வேலை நிரந்தரமாக வேண்டும். தயாநிதி சொன்னபடி, அவருடைய கேன் பட்டியலை நஸீமாவின் பகுதியோடு இணைத்தாள். கருவி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள், குடிநீர்ப் பட்டியலில் இருந்ததால், திரும்பி வந்த ஒரு கழுவுநீர்க் கேன் பெண்கள் விடுதிக்குக் குடிநீராகப் போனது. இரண்டாவது டம்ளரில் புழு நெளிந்தது. முதல் டம்ளரை ஒருத்தி குடித்து முடித்திருந்தாள்.

நிரலில் கடைசியாகக் கை வைத்தவர் பெயரில் பிழையை எழுதுவது அந்த அலுவலக வழக்கம். அப்படி எழுதினால் வேலை நிரந்தரமாகாது. கூட்டத்தில் மேலாளர் பப்ஸ் தின்றுகொண்டே புழுவின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

“இவ இணைச்சதுதான் கோளாறு. அத எடுத்தாச்சு சார், இனிமே தண்ணி சுத்தம்,” என்றார் தயாநிதி.

அலுவலகத்துக்கு வருவதும் அதே விற்பனையாளரின் கேன்தான். எல்லோருக்கும் அதிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். நேற்றுவரை அதைக் குடித்த தயாநிதி, இன்று வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்தார்.

“நீங்க தந்ததுல கேன் பட்டியல்னுதான சார் போட்டிருந்துச்சு,” என்றாள் இசக்கியம்மாள்.

“பேரப் பாத்தா போதுமாம்மா? உள்ள பாக்க வேண்டாமா?”

மேலாளர் எண்ணெய்க் கறை படிந்த தாளை அவள் பக்கம் தள்ளினார். பிழை செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

மூவரில் பிழை யாருடையது? இசக்கியம்மாள் அதில் கையெழுத்துப் போடலாமா?

விடை: போடக்கூடாது. குடிநீர்க் கேன் ஒவ்வொன்றும் கேன்தான். எண்ணிப் பார்ப்பதோடு நின்றால் கெடுதல் இல்லை. ஆனால் கேன் பட்டியலில் எதையும் போடலாம்; குடிநீர்ப் பட்டியலில் அப்படிப் போடக்கூடாது. ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர் வைத்ததால், ஒரு பெயரில் போட்ட அழுக்கு மறு பெயரில் வெளியே வந்தது. புதிய பட்டியலாக எடுத்திருந்தால் அழுக்கு அதோடு நின்றிருக்கும். இளையவர்கள் இருவரும் பெயரை நம்பினார்கள். பெயரைப் பொய்யாக்கியவர் தயாநிதி. இணைப்பை எடுத்தாலும், உள்ளே போன கேன்கள் குடிநீர்ப் பட்டியலில்தான் கிடக்கின்றன. அது அவருக்குத் தெரியும். இல்லாவிட்டால் பாட்டில் எதற்கு? இசக்கியம்மாள் தன் பெயரை அடித்து, தயாநிதியின் அந்த ஒரு வரியையும் அது எழுதப்பட்ட தேதியையும் எழுதினாள். பிறகு தன் டம்ளரைத் தயாநிதியின் முன்னால் நகர்த்தி வைத்தாள். அவர் குடிக்கவில்லை.