நாலாவது பிடி

"டீச்சர், இந்த நாலு பிடி எதுக்கு? மரத்துல வடு விழுதே!"

கேட்டவர் அருளப்பன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வயது அறுபத்தொன்று. டீச்சர் நஸ்ரினுக்கு இருபத்தாறு.

கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால், மரத்தில் அப்படியே வெட்டித் தரும் மெஷின் அவளிடம் இருந்தது; அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். வெட்டும் உருவம் பலகையை விட்டு முழுக்கப் பிரிந்துவிடாமல் நாலு இடத்தில் மெல்லிய பிடி விடச் சொல்வாள்.

"விடணும் சார்" என்றாள். டீ குடிக்கப் போனாள்.

முப்பத்தைந்து வருஷம் பஸ்ஸில் மற்றவர்களை அதட்டியே பழகியவர் சொல்பேச்சு கேட்பாரா? வரைபடத்தில் நாலு பிடியையும் அழித்தார்.

வெட்டுவதற்கு அவர் கொண்டுவந்திருந்தது அவருடைய அம்மாவின் தையல் மெஷின் மேல்பலகை. அந்தத் தேக்கின்மேல் குனிந்து ஊருக்கெல்லாம் சட்டை தைத்துத்தான் அவள் இவரைப் படிக்கவைத்தாள். கரையான் தின்றதுபோக, அவர் வரைந்த பொம்மை மீன் இரண்டுக்குத்தான் அதில் இடம் இருந்தது. மகளுக்கு இது நிறைமாதம். பிறக்கப்போகும் பிள்ளை கையில் கொள்ளுப்பாட்டியின் மரத்தைக் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

மெஷின் ஓடியது. தேக்கு வாசனை எழுந்தது. மெஷின் எண்ணெயும் நூலும் மணக்கும் அம்மாவின் அறை ஞாபகம் வந்து அவருக்கு மனசு இளகிவிட்டது.

கடைசிச் சுற்றில் மீன் பலகையை விட்டுப் பிரிந்தது. கட்டர் அதை இழுத்துச் சுவரில் அடித்தது. தலை வேறு, வால் வேறு.

நஸ்ரின் ஓடிவந்தாள். திட்டவில்லை.

"இன்னும் ஒண்ணுக்கு இடம் இருக்கா சார்?"

"இருக்கு."

"பிடி?"

"விடுறேன் டீச்சர்."

இரண்டாவது மீன் அசையாமல் நின்று முழுசாக வந்தது. நஸ்ரின் நாலு பிடியையும் உளியால் வெட்டி மீனை எடுத்துக் கொடுத்தாள்.

அருளப்பன் உப்புத்தாளால் தேய்த்தார். மூன்று வடுக்கள் மறைந்தன. வயிற்றில் இருந்த நாலாவது மட்டும் போகவில்லை.

"இது போகமாட்டேங்குது டீச்சர். எங்கம்மா பாத்திருந்தா, பிசிறு வெட்டாத சட்டை மாதிரி இருக்குடான்னு திட்டியிருப்பா."

நஸ்ரின் மீனை வாங்கி அந்த வடுவை விரலால் தடவிப் பார்த்தாள். அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"சார், உங்க தொப்புளுக்கு எப்ப உப்புத்தாள் போடப்போறீங்க?"

அருளப்பன் சத்தமாகச் சிரித்தார். சிரித்தபடியே வயிற்றில் கை வைத்தார்.

வைத்த கையை எடுக்க மனசு வரவில்லை.