விழாத பந்தலுக்கு ஆள் தேடிய கதை

முன்னொரு காலத்தில், பந்தல் விழுந்தால் ராஜா தலை என்றும் பார்க்காது என்பதைக் கண்ணாரக் கண்ட ஊர் ஒன்று இருந்தது. வசந்த விழாவில் நாட்டியம் பார்த்துக்கொண்டிருந்த அரசரின் மேல் கீற்றும் மூங்கிலுமாகப் பந்தல் சரிந்தது. கிரீடம் இருந்ததால் தலை தப்பியது. கிரீடம்தான் பாவம், அப்பளமாகிவிட்டது.

அடுத்து வந்தது இளவரசியின் கல்யாணம். பந்தல் வேலைக்கென்று அரண்மனையில் நிரந்தர ஆள் கிடையாது. வேலை வரும்போது வெளியாட்களை அழைத்து, விசாரித்து, ஒருவரை அமர்த்துவதுதான் வழக்கம். அந்தப் பொறுப்பை அரசர் இம்முறை பிச்சாண்டியிடம் கொடுத்தார். பிச்சாண்டி சபையைச் சிரிக்க வைப்பதற்கென்றே அரண்மனையில் இருந்தவர்.

பொக்கிஷதார் அனந்தசயனத்துக்கு வயிறு எரிந்தது. அந்த வேலையைத் தன் மைத்துனன் கோதண்டத்துக்கு வாங்கித் தருவதாக வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் மனிதர். அரசரின் காதருகே குனிந்து, “பிரபு, இதுவரை ஒரு பந்தல்கூட விழாதவனாகப் பார்த்து அமர்த்தச் சொல்லுங்கள். என் மைத்துனன் அப்படிப்பட்டவன்” என்று ஊதிவிட்டார்.

அரசருக்கு அது நியாயமாகப் பட்டது. “பிச்சாண்டி! போட்ட பந்தல் ஒன்றுகூட விழாத ஆளை நாளைக் காலைக்குள் நீயே தேடிக் கொண்டு வா. இல்லையேல் இந்த நாட்டில் உனக்கு இடமில்லை!”

பிச்சாண்டிக்கே சிரிப்பு வரவில்லை. காற்றும் மழையும் இருக்கிற ஊரில் பந்தல் விழாதவன் எங்கே கிடைப்பான்? கோதண்டம் புளுகுவதைப் போல மற்றவர்கள் புளுகவும் மாட்டார்களே. பெண்டாட்டி பிள்ளைகளோடு மூட்டை கட்ட வேண்டியதுதானா என்று கலங்கிப்போய் நடந்தவர், வேம்புலியின் வீட்டில் போய் நின்றார். அரசர் தலையில் விழுந்த பந்தலைப் போட்டவன் இந்த வேம்புலிதான். அதற்குப் பிறகு ஒருவரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. கொல்லையில் புடலங்கொடிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தான்.

“ஏம்ப்பா, அன்னைக்கு அது ஏன் விழுந்தது?”

“நடுக்காலை எடுத்தா விழாம நிக்குமா சாமி? நாட்டியத்தை மறைக்குதுன்னு ராசா எடுக்கச் சொன்னாரு. நானும் பயந்துகிட்டு எடுத்துட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.”

“இன்னொரு தடவை எடுக்கச் சொன்னா?”

வேம்புலி கொடியைத் தூக்கிக் கட்டினான். நாளைக்குச் சபைக்கு வந்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிச்சாண்டி திரும்பினார். இவனை நம்பித்தான் நம் பிழைப்பு இருக்கிறது, இவன் என்ன சொல்லப் போகிறானோ என்று வழியெல்லாம் அவருக்கு ஒரே படபடப்பு.

காலையில் சபை கூடியதும், பிச்சாண்டி அரண்மனைச் சமையற்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

“அரசே, தாங்கள் கேட்ட ஆள் இதோ. இவர் போட்ட பந்தல் ஒன்றுகூட விழுந்ததில்லை.”

சமையற்காரர் கரண்டியும் கையுமாகத் திருதிருவென்று விழித்தார்.

“இவரா? இதுவரை எத்தனை பந்தல் போட்டிருக்கிறார்?”

“ஒன்றுகூட இல்லை, பிரபு. அதனால்தான் விழவில்லை. தாங்கள் சொன்ன தகுதி இவரிடம் குறைவில்லாமல் இருக்கிறது.”

சபை கொல்லென்று சிரித்தது. அரசர் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சரி சரி, வேலை தெரிந்தவனைக் காட்டு” என்றார்.

“கோதண்டமும் வேம்புலியும் காத்திருக்கிறார்கள். எப்படிப்பட்ட பந்தல் வேண்டும் என்று தாங்களே அவர்களிடம் சொல்லுங்கள், அரசே.”

வேம்புலியைக் கண்டதும் அரசரின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. “என் மகளின் திருமணத்தை நான் மறைப்பில்லாமல் பார்க்க வேண்டும். பந்தலில் நடுக்கால் கூடாது” என்றார்.

“உத்தரவு, பிரபு! மற்ற கால்களையும் எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுகிறேன்” என்றான் கோதண்டம், வாயெல்லாம் பல்லாக.

பிச்சாண்டி வேம்புலியைப் பார்த்தார்.

“முடியாதுங்க, மகாராசா” என்றான் வேம்புலி. “போன தடவை நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் பந்தல் விழுந்துச்சு. இந்தத் தடவை அதுக்குக் கீழே உக்காரப் போறது நம்ம இளவரசியம்மா. நடுக்கால் இருந்தா நான் போடுறேன். வேண்டாம்னா வேற ஆளைப் பாத்துக்குங்க.”

அனந்தசயனம் துள்ளி எழுந்தார். “என்ன ஆணவம்! பிரபு, என் மைத்துனன் போடும் பந்தலுக்கு நான் பொறுப்பு!”

“ரொம்பச் சந்தோஷம்” என்றார் பிச்சாண்டி. “நடுக்கால் இல்லாமல் முதலில் ஒரு பந்தல் போடட்டும். பொறுப்பேற்ற தாங்கள் அதன் நடுவே ஆசனம் போட்டு, ஒரு பெருங்காற்று அடித்து ஓயும்வரை அமர்ந்திருங்கள். அதன்பின் அரசர் அமர்வார்.”

அனந்தசயனம் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் தரையைப் பார்த்தான்.

“எனக்கு… காற்று ஒத்துக்கொள்ளாது, பிரபு” என்றார் அனந்தசயனம்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் வேம்புலியிடம், “இதை அன்றைக்கே ஏனப்பா சொல்லவில்லை?” என்று கேட்டார்.

“அன்னைக்கு உங்களுக்குப் பயந்தேங்க. இன்னைக்குப் பந்தலுக்குப் பயப்படுறேன்.”

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டார். வேலை வேம்புலிக்குப் போயிற்று.

கல்யாணத்தன்று காற்று சுழற்றியடித்தது. பந்தல் கிறீச்சிட்டதே தவிர அசையவில்லை. நடுக்கால் மட்டும் சரியாக அரசருக்கும் மணமேடைக்கும் குறுக்கே நின்றது. இடப்பக்கம் சாய்ந்தால் மகள் தெரிந்தாள், வலப்பக்கம் சாய்ந்தால் மாப்பிள்ளை தெரிந்தான். தாலி கட்டும் வேளையில், ஊரே பார்க்க, அரசர் கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டி, சிரித்துச் சிரித்து அட்சதை தூவினார்.