ரெண்டு விரல் சந்து

ராட்சத விசிறி காற்றை அடித்ததும் விமானம் மறுபடி அழுதது. சோதனைக் கொட்டகையில் நின்ற எல்லாரும் ஓரடி பின்வாங்கினார்கள். போன மாதம் இதே மாதிரி விமானம் ஒன்று என்ஜின் கொதித்து விழுந்ததில் செத்த பைலட் தாமஸின் குரல் அப்படியே அதில் இருந்தது.

"தாமஸ் பேய்தான்யா. என் டிசைன்ல தப்பே கிடையாது," என்றார் தலைமை டிசைனர் சேதுராமன். அவர் எப்பவும் அப்படித்தான் சொல்வார். "இருளப்பா, நாளைக்கு மல்லிகா மேடம் இதை ஓட்டணும். அழுகையை நிறுத்து. இல்லன்னா உனக்கு வேலை கிடையாது."

இருளப்பன் இருபது வருஷமாகத் தகடு அடிக்கிற ஃபிட்டர். என்ஜின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டருக்குக் காற்று கொண்டுபோகும் குழாய், விமானத்தின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. அதன் வாயைத் தடவிப் பார்த்தான்.

"பேய்னா வெளிய போக வழி வேணுமே சார். குழாய் வாய்க்கும் வயித்துக்கும் நடுவுல ரெண்டு விரல் சந்து விடட்டுமா?"

"பேய்க்குத்தானே? விடு."

விட்டான். விசிறி சுழன்றது. அழுகை இல்லை. ரேடியேட்டர் சூடும் மளமளவென்று இறங்கியது.

"பேய் போயிருச்சா?" என்று கேட்டாள் மல்லிகா.

"பேய் எங்க மேடம் இருந்துச்சு? வயித்த ஒட்டி வர்ற மந்தக் காத்து குழாய்க்குள்ள போய் முட்டி அழுதுச்சு. இப்ப அது சந்து வழியா வெளிய போயிருது. நல்ல காத்து உள்ள வருது."

"அப்ப தாமஸ் செத்தது?"

எல்லாரும் சேதுராமனைப் பார்த்தார்கள். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

"இன்னும் அழுவுதே, உங்களுக்குக் கேக்கலையா? இருளப்பா, அதை நிறுத்துடா!"

இருளப்பன் சுத்தியலைக் கீழே வைத்தான். அந்த அழுகையை மட்டும் அவன் நிறுத்தவில்லை.