பல்லி ஏன் உச்சுக் கொட்டுகிறது

அந்தக் காலத்தில் பல்லியும் நம்மைப் போலவே வாய் நிறையப் பேசும். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஏழுதெருப் பட்டணத்தில் ஒருநாள் காலை பூமி குலுங்கியது. தேரடித் தெரு நடுவில் பிளந்து, உப்பு வண்டி ஒன்று அச்சு வரை உள்ளே இறங்கியது. கடைவீதியில் உடைந்த ஓடுகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தன. தானியக் கிடங்கு பக்கத்து மாடிவீட்டின் மேல் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. எந்தச் சுவர் நிற்கும், எந்தச் சுவர் விழும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஊர் கூடிப் பல்லியைக் கூப்பிட்டது. "சுவரோட வயித்த ஒட்டிப் பொழைக்கிறவ நீ. நீயே பாத்துச் சொல்லு" என்றார்கள்.

பல்லி பதினோரு நாள் பூச்சி புழுவைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் சுவர் சுவராக ஏறி இறங்கியது. கடைசியாக, எண்ணெய் வியாபாரி பொன்னப்பர் வீட்டுக் கிழக்குச் சுவரில் வயிற்றை வைத்ததும் அதற்குத் திக்கென்றது. சுவர் உள்ளுக்குள் இரண்டாகப் பிளந்திருந்தது. அந்தச் சுவரின் பொந்தில்தான் பல்லியின் இரண்டு முட்டைகளும் ஒட்டியிருந்தன. ஒட்டியது ஒட்டியதுதான், பெயர்த்தால் உடைந்துவிடும். சுவர் நின்றால் பிள்ளைகள் உண்டு, விழுந்தால் இல்லை.

"அண்ணாச்சி, கிழக்குச் சுவரு உள்ளுக்குள்ள ரெண்டாப் போச்சு. இன்னைக்கே பனங்கட்டையால முட்டுக் குடுங்க. இல்லன்னா எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய போயிருங்க" என்றது.

பொன்னப்பர் படக்கென்று எழுந்து உட்கார்ந்தார். அப்பாடா என்றிருந்தது பல்லிக்கு.

"எந்தத் திசையில இருந்து சொன்ன?" என்றார்.

"திசையா? சுவரு விழப்போவுதுன்னு சொல்றேன்!"

"அது கெடக்கட்டும். கிழக்குதானே? ஏ காத்தாயி, பல்லி கிழக்க இருந்து சொல்லிருச்சு! நல்ல சேதி வருது, பாயசம் வையி!"

பல்லி மேற்குச் சுவருக்கு ஓடி அதையே கத்தியது. "மேற்கா? அப்ப பயணம் இருக்கு" என்றாள் அவர் மனைவி காத்தாயி. உத்தரத்தில் தொங்கிக்கொண்டு சொன்னது. அதற்குப் பட்டுச்சேலை வரும் என்றாள்.

"பட்டு வராது, செங்கல்லுதான் வரும்!"

"கேட்டீங்களா, மறுபடியும் சொல்லுது. அப்ப ரெண்டு பட்டு."

செவிடன் காதில் ஊதிய சங்குகூடத் தேவலாம். செவிடன் சங்குக்குப் பலன் பார்க்க மாட்டான். பொன்னப்பர் அதோடு விட்டாரா? வெளியே மயிரிழையாய்த் தெரிந்த விரிசல் கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் சுண்ணாம்பு பூசி மாவிலையும் கட்டினார்.

மறுநாள் உச்சிவேளை. பொந்தில் முட்டைகளை அணைத்துப் படுத்திருந்த பல்லியின் அடிவயிற்றில் மெல்லிய அதிர்வு தட்டியது. மறுபடி வருகிறது! இனிச் சொல்ல நேரமில்லை. சொல்லித்தான் என்ன கண்டது? முட்டைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு விறுவிறுவென்று உத்தரத்தில் ஏறி, சாப்பிட்டுக்கொண்டிருந்த பொன்னப்பர் உச்சந்தலையில் பொத்தென்று விழுந்தது. அங்கிருந்து காத்தாயி தோளுக்குத் தாவி, குழந்தை கிடந்த தூளிக்குள் குதித்தது.

"ஐயையோ, பல்லி விழுந்திருச்சு!"

பல்லி விழுந்தால் உடனே தலைமுழுக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். கை கழுவக்கூட நிற்காமல், குழந்தையைத் துணியோடு வாரிக்கொண்டு குளத்துக்கு ஓடினார்கள். அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு பல்லியும் வெளியே வந்தது. வாசல் தாண்டினார்களோ இல்லையோ, கிழக்குச் சுவர் அப்படியே உட்கார்ந்தது. கூரை அதன்மேல் விழுந்தது.

பல்லி இடிபாட்டுக்குள் புகுந்து தேடியது. பொந்து இருந்த இடத்தில் பிடி மண்தான் மிச்சம்.

சொட்டச் சொட்ட நனைந்து திரும்பிய பொன்னப்பர் தலையில் அடித்துக்கொண்டார். "பாத்தியா காத்தாயி? பல்லி விழுந்தா ஆகாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அது விழுந்துச்சு, வீடே போச்சு!"

பல்லி வாயைத் திறந்தது. பதினோரு நாள் நடையும் இரண்டு முட்டையும் தொண்டை வரை வந்தன. இவர்களிடம் எதைச் சொல்லி என்ன? எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "ச்சு, ச்சு, ச்சு" என்றது.

காத்தாயி ஈரத்தலையோடு நிமிர்ந்தாள். "ஏங்க, இது எந்தத் திசை?"

அன்று முதல்தான் பல்லி பேச்சையே விட்டுவிட்டு நம்மைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறது. நாமும் சுவரைப் பார்க்காமல் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.