சிலிக்காவும் ஆறு ஸ்டூலும்

"இறங்க மாட்டேங்குது, மேடம்."

வேதமணி சார் இதைச் சொல்வது மூன்றாவது நாள்.

"எது?" என்றார் மெஹர்பானு. முதல் நாளும் இப்படித்தான் கேட்டார்.

"வேறெது? என் அமீன்தான்."

ஆய்வகத்தின் கடைசி மேசையில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய். அதற்குள் மாவு போலச் சிலிக்கா. மணலுக்கு நெருங்கிய சொந்தம். அதன் தலையில் மஞ்சளாக ஒரு பட்டை. அதுதான் அமீன், வேதமணி தயாரித்த வேதிப்பொருள். ஏழு மாத உழைப்பு.

மேலே கரைப்பானை ஊற்றினால் அழுக்கு தனியாக, அமீன் தனியாகக் கீழே இறங்க வேண்டும். அழுக்கு இறங்கிவிட்டது. அமீன் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை அதைச் சோதனைக்கு அனுப்பியாக வேண்டும். இல்லையென்றால் வேதமணியின் ஆய்வுப் பதிவு காலாவதி. பள்ளிக்கூடத்தில் வாங்கிய லீவும் அன்றோடு சரி. மறுபடி செய்ய மூலப்பொருள் ஒரு சிட்டிகை கூட மிச்சமில்லை.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவர். மெஹர்பானுவுக்கு முப்பத்திரண்டு. ஆனால் வழிகாட்டி மெஹர்பானுதான். இவர் அவரை 'மேடம்' என்பார், அவர் இவரை 'சார்' என்பார். யார் குரு என்று வெளியாட்களுக்குக் குழம்பும். அவர்கள் இருவருக்கும் குழம்பியதே இல்லை.

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"ஆறு லிட்டர்."

"கீழே என்ன வருது?"

"ஊத்துனதே வருது. இந்த ஷெர்லின் வேற, 'மழைநீர் சேகரிப்பா சார்?'னு கேக்குறா."

பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்யும் ஷெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். மெஹர்பானு சிரித்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"ஏன் இறங்கலை?"

பாடம் வேதமணிக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறார்.

"சிலிக்கா மேல பூரா ஹைட்ராக்சில். லேசா அமிலக் குணம். அமீன் காரம். எங்க பார்த்தாலும் பிடிமானம் இருக்கு, அங்கங்க ஒட்டிக்கிட்டு உட்கார்ந்துருது."

"சரி. என்ன செய்யப் போறீங்க?"

"இன்னும் ஊத்துவேன்."

மெஹர்பானு அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு பாட்டிலை எடுத்துத் திறந்தார். டிரைஎத்திலமீன். அறை முழுக்கக் கருவாட்டு வாடை.

"கரைப்பான்ல இதைக் கொஞ்சம் கலந்து ஊத்துங்க."

"மேடம்! இதுவும் அமீன்தானே? என்னோடதைச் சுத்தம் பண்ணத்தான் இத்தனை பாடு. அதுல போய் இந்த நாத்தத்தை ஊத்தவா?"

"அப்போ ஊத்தாதீங்க."

மூடி வைத்துவிட்டார். விளக்கம் கிடையாது.

வேதமணிக்குக் கோபம் வந்தது. இரண்டு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

"மூட்டு வலி எப்படி இருக்கு, சார்?"

"அது ஒண்ணுதான் குறை!" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் வியாழன். காலை ஒன்பது மணி.

வாசலிலிருந்து கடைசி மேசைக்கு இருபது எட்டுதான். வழியில் ஆறு ஸ்டூல். மூட்டு வலிக்காரர் ஒன்றையும் விடமாட்டார். முதல் ஸ்டூலில் மூச்சு வாங்குவார். இரண்டாவதில் தண்ணீர் குடிப்பார். மூன்றாவதில் பேரன் கதை. அப்படியே ஆறாவதைத் தாண்டிக் குழாயைத் தொடும்போது முக்கால் மணி நேரம் போயிருக்கும்.

இன்று முதல் ஸ்டூலில் தண்ணீர் கேன் இருந்தது.

இரண்டாவதில் ஹெல்மெட்.

மூன்றாவதில் விடைத்தாள் கட்டு. நான்காவதில் டிபன் கேரியர். ஐந்தாவதில் யாருடையதோ பை.

ஆறாவதில் ஷெர்லின்.

"எந்திரிம்மா, கால் கடுக்குது."

"மேடம் எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாங்க, சார்."

"நல்லா இருக்கு! வயசான மனுஷனை நிக்க வச்சுக்கிட்டு..."

திட்டிக்கொண்டே நடந்தார். கடைசி மேசை வந்துவிட்டது. குழாய்க்குப் பக்கத்தில் மெஹர்பானு நின்றிருந்தார், கையில் பழுப்பு பாட்டில்.

"என்ன மேடம் இது? உட்கார ஒரு இடம் இல்லை!"

"மணி என்ன, சார்?"

வேதமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒன்பது ஒன்று.

திரும்பி ஸ்டூல்களைப் பார்த்தார். கேன், ஹெல்மெட், கட்டு, கேரியர், பை, ஷெர்லின். பிறகு குழாயைப் பார்த்தார்.

"அப்போ இது முன்னாடியே போய் எல்லா இடத்துலயும் உட்கார்ந்துக்கும்," என்றார். பிறகு கையை நீட்டிப் பாட்டிலை வாங்கினார். திறந்தார். மூக்கைச் சுளித்தார். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது.

"ஆனா மேடம், இதுவும் சேர்ந்துதானே கீழே வரும்?"

"இது எத்தனை டிகிரியில கொதிக்கும்?"

"எண்பத்தொன்பது."

"உங்களோடது?"

"முந்நூறு தாண்டணும். அட, சூடு பண்ணா இது மட்டும் ஆவியாப் போயிடும்!"

மெஹர்பானு குரலை உயர்த்தினார். "ஷெர்லின், போதும். எந்திரி."

ஷெர்லின் எழுந்து, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, விட்டால் போதும் என்று வெளியே போனாள்.

வேதமணி அளந்தார். நூறு மில்லி கரைப்பானுக்கு ஒரு மில்லி. கலக்கி, குழாயில் ஊற்றினார். ஊற்றிவிட்டு, பட்டையின் கீழ் விளிம்பில் கண்ணாடியின் வெளிப்பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

பத்து நிமிஷம். ஒன்றுமில்லை.

இருபது நிமிஷம். மஞ்சள் பட்டை அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது.

அரை மணி கழித்து ஷெர்லின் டீயோடு வந்தாள். மஞ்சள் பாதிக் குழாயில் இருந்தது. வேதமணி குனிந்து, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பின்னால் போட்டாள். "உட்காருங்க சார், காலி."

"தள்ளு அதை," என்றார் வேதமணி.