மலையேறிய வேப்பங்கன்று

கோணக்கரைக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதுதான் சங்கடம்.

சாலையை அகலப்படுத்தியதில் ஊரில் ஒரு மரமும் மிஞ்சவில்லை. பங்குச் சாமியார் மனம் பொறுக்காமல், பூமிக்காக வேண்டிக்கொண்டு மாதா மலைக்கு நடைப்பயணம் போகச் சொன்னார். மொட்டையாகக் கிடக்கும் அந்த மலையில் மதியத்துக்குள் ஒரு வேப்பங்கன்று வைக்க வேண்டும். அவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதால் மதலைமுத்துவைத் தலைவனாக்கினார்.

மதலைமுத்து அதுவரை எதற்கும் தலைவனாக இருந்ததில்லை. வீட்டில்கூட அவன் மனைவி பவுலினாதான். பெருமை தாங்காமல் சாமியார் சொன்னதைச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்: ‘வழியில் குப்பை கிடந்தால் விடாதே. மாதா மலையில் கன்று நட.’

விடிந்ததும் அவனும் பவுலினாவும், பக்கத்து வீட்டுத் தொம்மையும் மிக்கேலும் கிளம்பினார்கள். மூன்றாவது கிலோமீட்டரில் வயலோரம் குப்பை அம்பாரமாகக் கிடந்தது. மாட்டுச் சாணமும் சாம்பலும் மக்கிய நல்ல எரு.

“இவ்வளவையுமா அண்ணாச்சி?” என்றான் தொம்மை.

“சீட்டுல அளவு போடலை.”

குப்பைக்கென்று கொண்டுவந்த சாக்குகளில் அள்ளினார்கள். பாதி அள்ளியபோது வயல்காரர் வந்தார்.

“ஏய்யா, என் குப்பையை எங்க கொண்டுபோறீங்க?”

“கவலைப்படாதீங்க. பூமியைச் சுத்தம் பண்றோம்,” என்றான் மதலைமுத்து பரிவாக.

வயல்காரர் கையில் மண்வெட்டி இருந்தது. அம்பாரம் முழுவதையும் வயலெங்கும் விசிறிவிட்டுத்தான் அவர்களால் நகர முடிந்தது. மணி பதினொன்று.

மலையடிவாரத்தில் மதலைமுத்து சீட்டை மறுபடி படித்தான். தோளிலிருந்த கன்றை இறக்கித் தரையில் வைத்தான்.

“‘கன்று நட’ன்னு போட்டிருக்கு. இனிமே அதுதான் நடக்கணும்.”

“அதுக்கு ஏதுங்க காலு?” என்றாள் பவுலினா.

மிக்கேல் யோசித்தான். “முளைச்சு எத்தனை மாசம்?”

“நாலு,” என்றான் மதலைமுத்து.

“நாலு மாசத்துல எந்தப் பிள்ளை நடக்கும்? பிடிச்சுத்தான் நடத்தணும்.”

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. தொம்மையும் மிக்கேலும் ஆளுக்கொரு பக்கம் கன்றின் மண்பையைப் பிடித்து, படிக்குப் படி தூக்கித் தூக்கி வைத்தார்கள். மதலைமுத்து அதைப் பார்த்தவாறே முன்னால் பின்னோக்கி ஏறியபடி, “வா, வா” என்று கைநீட்டி அழைத்தான். முந்நூறு படி.

உச்சிக்கு வந்தபோது மணி மூன்று. கன்று வாடித் தலை தொங்கியது. மதலைமுத்து அதன் பக்கத்தில் குந்தினான். முதன்முதலாக நம்பி ஒப்படைத்த உயிர் தன் கையிலேயே போய்விடுமோ? மலைமேல் மாதா கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வந்து, தோண்டி வைத்திருந்த குழியைக் காட்டி, மண் அணைக்கச் சொல்லி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்.

“பிழைச்சுக்கும். இனி இதோட நிழல்ல நீங்க உட்காரலாம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உட்கார்ந்தார்கள். முழங்கால் உயரக் கன்று. நிழலில் பவுலினாவின் பாதம் மட்டும் அடங்கியது. நாலரைக்கு அவள் முழுசாக அடங்கினாள். ஐந்தரைக்கு நால்வரும் ஒருவர் பின் ஒருவராக ஒண்டிக்கொள்ள இடம் கிடைத்தது.

“என்ன வளர்த்தி!” என்றான் தொம்மை மரியாதையோடு.

சற்று நேரத்தில் நிழல் அவர்களைத் தாண்டி, பாறையைத் தாண்டி, கிழக்குச் சரிவில் இறங்கியது. மதலைமுத்து சட்டென்று எழுந்தான்.

“கிழக்கேதானே நம்ம ஊரு?”

“ஆமாங்க.”

“இந்த வேகத்துல வளர்ந்தா விடியறதுக்குள்ள மரம் கோணக்கரையில நிக்கும். வீடுங்க மேல சாயறதுக்கு முன்னாடி ஜனங்களை ஒதுங்கச் சொல்லணும்.”

நால்வரும் படிகளில் இறங்கி ஓடினார்கள். பாதி வழியில் சூரியன் மறைந்தது. மதலைமுத்து திரும்பிப் பார்த்தான். நிழலைக் காணோம்.

“நம்மளை முந்திட்டுது,” என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினான்.